மூன்று காலிக் குப்பிகள்

அத்தியாயம் ஏழு

போலீசிடம் சொல்ல வெட்கப்படும் ஆய்வகங்கள்தான் என்னைக் கூப்பிடும். டாக்டர் லிண்ட்க்விஸ்ட் அந்த வியாழக்கிழமை காலையில் கூப்பிட்டபோதும் அவர் குரலில் முதலில் கேட்டது வெட்கம்தான். பயம் பிறகு வந்தது.

பதினோரு மணிக்கு நானும் கஸ் லாவலீயும் அவருடைய ஆய்வகத்தில் இருந்தோம். பிப்ரவரி மாதம். வுஸ்டர் நகரத்துத் தெருவோரங்களில் குவித்திருந்த பனி, கரி படிந்து கிடந்தது. கஸ் வழியில் வாங்கிய ஜாம் டோனட்டின் சர்க்கரை அவன் மீசையில் இன்னும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்துவிட்டு என்னிடம் சேர்ந்தவன். என்னைப் பாஸ் என்று கூப்பிடுவான். நான் சொல்வதில் பாதியைத்தான் கேட்பான்.

லிண்ட்க்விஸ்ட் இரண்டு கடிதங்களை மேசைமேல் வைத்தார். இரண்டும் அவர்களுக்குப் புரதம் விற்கும் கம்பெனியிலிருந்து வந்தவை. முதல் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இந்தத் தொகுதியைச் சேர்ந்த குப்பிகளை உடனே நிறுத்துங்கள், வேறொரு மாநிலத்தில் இதைச் செலுத்திய பன்னிரண்டு முயல்களும் மூன்று மணி நேரத்தில் செத்துவிட்டன, மிச்சம் இருப்பதைத் திருப்பி அனுப்புங்கள் என்றது. அன்றே அவர் மூன்று குப்பிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டாவது கடிதம் நேற்று மாலை வந்தது. நீங்கள் அனுப்பிய குப்பிகளில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டிருந்தார்கள்.

கஸ் குப்பிகளின் படத்தைக் கையில் எடுத்தான். விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குப்பிகள், திருகு மூடி. சீட்டில், ‘ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல’ என்ற வரி. உள்ளே வெறும் காற்று மாதிரி இருந்தது. எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டான். ஆமாம் என்றார் லிண்ட்க்விஸ்ட்.

“அப்போ பாஸ், காலியாத் தெரியுற குப்பியில இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு காணாமப் போயிருக்கு. இவ்வளவு சுத்தமான திருட்ட நான் பாத்ததே இல்ல.”

நான் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த மாதிரி மேசைகளில் நானும் வேலை பார்த்தவள். சேர்ந்த முதல் மாதமே, காலி என்று நினைத்து அப்படியொரு குப்பியைக் குப்பையில் போட்டிருக்கிறேன். எல்லோரும் ஒருமுறை அதைச் செய்வார்கள்.

நரம்பு அறுந்தால் மறுபடி வளர் என்று சொல்லும் புரதம் அது. நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, போதாத அளவில். மனித மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் பாக்டீரியாவைத் தொட்டியில் கோடிக்கணக்கில் பெருக்கி, பிறகு எல்லாவற்றையும் கொன்று, அந்தப் பிணக்குவியலிலிருந்து புரதத்தை மட்டும் கழுவி எடுத்து உலர்த்துவார்கள். ஒரு குப்பியில் இருப்பது ஓர் உப்புக் கல்லின் எடைகூட இருக்காது. அடியில் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் படிந்திருக்கும். அது அங்கே இருக்கிறது என்று நம்புவதுதான் எங்கள் தொழிலில் பாதி. அந்த நம்பிக்கை ஒருநாள் என்னிடம் தீர்ந்துபோனதால்தான் நான் வெளியே வந்தேன்.

போட்டி ஆய்வகம் யாரையோ அனுப்பியிருக்கிறது என்பது லிண்ட்க்விஸ்டின் எண்ணம். ராத்திரி பெருக்க வருகிறவர்களை விசாரிக்கலாம் என்றான் கஸ். நான் மறுத்தேன். வெளியாள் என்றால் குப்பியோடு எடுத்துப் போவான். இங்கே வந்தவர் குப்பியைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கரைத்து உறிஞ்சி, காயவைத்து, மூடி, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார். காலியாகத் தெரிவதை நிஜமாகவே காலியாக்கினால் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அறிந்தவர். அதாவது, இந்த மேசைகளில் ஒன்றில் உட்காருகிறவர்.

கம்பெனி கேட்டிராவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. அதுதான் என்னை உறுத்தியது. இவ்வளவு கச்சிதமாகத் திருடியவருக்கு அந்த முயல் கடிதம் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ஆய்வகத்தைச் சுற்றி வந்தேன். மூலையில் சென்ட்ரிஃபியூஜ் இருந்தது, குப்பிகளை வேகமாகச் சுழற்றும் இயந்திரம். இந்த மாதிரிக் குப்பிகளைத் திறக்கும் முன் அதில் போட்டுச் சுழற்ற வேண்டும். இல்லையென்றால் மூடியில் ஒட்டியிருக்கும் ஏடு மூடியோடு போய்விடும். நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இருபத்து நான்கு துளைகளில் ஒன்றில் மட்டும், தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று தனியாக நின்றது.

“தண்ணியத் திருடாம விட்டுட்டுப் போயிருக்கான்,” என்றான் கஸ்.

அது எடைக்காக வைப்பது. ஒரே ஒரு குப்பியைச் சுழற்றினால் இயந்திரம் ஆடும். அதனால் எதிர்த்துளையில் அதே எடையில் தண்ணீர்க் குழாய் ஒன்றை வைப்போம். மூன்று குப்பி என்றால் அது தேவையே இல்லை. முக்கோணமாக வைத்தால் தானே சமப்பட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகூடச் செய்யும். இவர் ஒவ்வொன்றாகச் சுழற்றியிருக்கிறார். ஒன்றோடொன்று கலந்துவிடாமல், மூன்று தனித்தனி அளவாக. குழாயின் மூடியில் பச்சை மையில் ஒரு புள்ளி இருந்தது.

பக்கத்து அலமாரியில் வடிகட்டிப் பெட்டி ஒன்று புதிதாகக் கிழிக்கப்பட்டிருந்தது. ஊசியின் முனையில் செருகும் வட்ட வடிகட்டிகள், பாக்டீரியாகூட நுழைய முடியாத துளைகள் கொண்டவை. மூன்று குறைந்தன.

இந்தப் புரதத்தை யாரும் வடிகட்ட மாட்டார்கள் என்று கஸ்ஸிடம் சொன்னேன். இருப்பதே துளி. அதில் பாதியை வடிகட்டியே தின்றுவிடும். செல்களுக்கு ஊற்றுகிறவர் வடிகட்ட மாட்டார். எலிக்குப் போடுகிறவரும் மாட்டார். பாதி போனாலும் பரவாயில்லை, கிருமி மட்டும் இருக்கக் கூடாது என்று ஒருவர் பயப்படுவது ஒரே ஒரு உடம்புக்காகத்தான்.

கஸ் மீசையைத் துடைத்துக்கொண்டான். “மனுஷனுக்கா?”

“மனுஷனுக்கு.”

“வடிகட்டிட்டாங்கல்ல? அப்போ அந்த முயல் சமாச்சாரம் இதுல இருக்காதுல்ல?”

இருக்கும். வடிகட்டி உயிரோடு இருக்கும் கிருமியைத்தான் பிடிக்கும். இந்தத் தொகுதியில் இருந்தது கிருமியே இல்லை. செத்த பாக்டீரியாக்களின் தோலிலிருந்து உதிர்ந்த நஞ்சு, கம்பெனி சரியாகக் கழுவாமல் விட்டது. மீன் பிடிக்கும் வலை குளத்தில் கரைந்த விஷத்தைப் பிடிக்காது. வடிகட்டியவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்திருப்பார். சுத்தமாக்கிவிட்டோம் என்ற நிம்மதி, அதுதான் இதில் மோசமான பகுதி. நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

பச்சை மை யாருடையது என்று லிண்ட்க்விஸ்டைக் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், ஆய்வகங்களில் அது வழக்கம். அவர் பதில் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். மோய்ரா கைலி. பதினோரு வருடமாக இந்த ஆய்வகத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறவள். போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு வார விடுப்பில் போனாள். தம்பி கூரை வேலை செய்தவன், இரண்டு வருடம் முன்பு மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டிருந்த எலிகள் இந்தப் புரதத்துக்குப் பிறகு எழுந்து நடந்ததைப் படம் பிடித்தவளே அவள்தான்.

“அந்தக் கடிதத்த அவளுக்கு அனுப்பினீங்களா?”

“லீவுல இருக்கா. எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு…”

மோய்ராவின் எண்ணை நான்கு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீடு ஐந்து நிமிடத் தூரம். கஸ் தன் பழைய ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான், ஆனால் நாம்தான் முதலில் போய்ச் சேருவோம் என்றான். சிவப்பு விளக்கு ஒன்றைத் தாண்டினான். வெள்ளிக்கிழமை எடுத்தவள் இன்னும் போடாமல் இருப்பாளா என்று கேட்டான். வீட்டுக்கு நர்ஸ் வராத நாள் பார்த்துத்தான் போடுவாள் என்றேன். நர்ஸ் எந்த நாள் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியாது. இன்றாக இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

“எனக்கு ஒரு அக்கா இருக்கா, பாஸ். என் பிறந்தநாளே அவளுக்கு ஞாபகம் இருக்காது. இப்பத்தான் அதுக்கு சந்தோஷமா இருக்கு.”

அதுதான் அன்று அவன் சொன்ன கடைசி நகைச்சுவை.

சாம்பல் நிற மரவீடு. கீழ்த்தளத்துக்கு ஏறச் சாய்தளம் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தவன் சக்கர நாற்காலியில் இருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், அகலத் தோள்கள், கழுத்துவரை கம்பளி. நான் யார், எதற்கு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். குப்பியில் இருந்தது விஷம் என்றும் சொன்னேன். டெக்லன் கைலி என் முகத்தையே பார்த்தான். பிறகு கம்பளிக்குள்ளிருந்து கைகளை எடுத்து, சட்டையைச் சுருட்டி, இரண்டு முழங்கை மடிப்புகளையும் காட்டினான். துளை எதுவும் இல்லை.

“எங்கக்கா எனக்குப் போடல. முதல்ல எனக்கு, நான் நல்லா இருந்தா நாளைக்கு உனக்குன்னா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் இதை யூகித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? சோதிக்காத எதையும் நாங்கள் முக்கியமான உயிருக்குப் போட மாட்டோம். முதலில் முக்கியமில்லாத ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம். அவள் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்டாள்.

எங்கே என்று கேட்டேன். மேல்தளம் என்று கண்ணைக் காட்டினான். ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டாளாம். அரைமணிக்கு ஒருமுறை படி உச்சியில் வந்து நின்று, நன்றாக இருக்கிறேன் என்று சொல்வாளாம். பத்தரைக்குக் குரல் மட்டும் வந்தது. பிறகு வரவில்லை.

கஸ் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தான்.

“ஏன் யாரையும் கூப்பிடல?”

“காலைல பெரிய சண்ட. எனக்கு வேணாம், நான் ஒண்ணும் உன் எலி இல்லன்னு சொல்லிட்டேன். அதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன்.” அவன் படிகளைப் பார்த்தான். பதினான்கு படிகள். “கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்.”

மோய்ரா சமையலறைத் தரையில் கிடந்தாள். கன்னம் தரையில் பதிந்திருந்தது. உதடு நீலம். உடம்பு அடுப்புபோலக் கொதித்தது, விரல்கள் மட்டும் ஐஸ். கழுத்தில் நாடி இருந்தது, நூல்போல, ஓடிக்கொண்டே. கஸ் ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டே தன் கோட்டை அவள்மேல் போட்டான். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களை மடித்தேன்.

மேசைமேல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சுத்தமான துணி, வெப்பமானி, கடிகாரம், காலியான ஊசி, ஆய்வகக் குறிப்பேடு. பச்சை மையில் இரண்டு பத்திகள் போட்டிருந்தாள். எண் 1, நான். எண் 2, டெக்லன். இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தது. முதல் பத்தியில்:

9.00. ரத்தக்குழாயில் முழு அளவு. வெப்பம் 36.8.
9.30. மாற்றம் இல்லை.
10.00. குளிர். நடுக்கம். 38.1.
10.30. 39.6. நாடி 130. எதிர்பார்த்தது இல்லை. அடுத்த அளவீடு வரை பார்க்கலாம்.
11.00. இது புரதம் அல்ல. எண் 2-க்குத் தராதே.

கடைசி வரி சரிந்து தாளின் ஓரம்வரை போயிருந்தது.

பத்தரை மணி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போதே போனை எடுத்திருந்தால்? போன் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, என் நான்கு அழைப்புகளோடும் தம்பியின் ஒன்பது அழைப்புகளோடும். ஆனால் அடுத்த அளவீடு வரை பார்ப்பது எங்களுக்குள் ஊறிப்போனது. பாதியில் நிறுத்தினால் அதுவரை பட்டதெல்லாம் வீண் என்று ஒரு குரல் உள்ளே சொல்லும். எனக்கும் சொல்லியிருக்கிறது. என்னுடைய மேசையில் அப்போது செத்தவை எலிகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் வந்தது. என்ன நஞ்சு, எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்று சொன்னேன். ஓர் ஆள் குறிப்பேட்டின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டான். இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த நோயாளியை நான் பார்த்ததில்லை என்றான். அவளைப் படியில் இறக்கும்போது டெக்லன் நாற்காலியை நகர்த்தி வழி விட்டான். அவள் முகம் அவனைத் தாண்டிப் போனது. பிழைப்பாளா என்று கேட்டான். நாடி இருக்கிறது, ரத்த அழுத்தத்தை ஏற்ற மருந்து ஏறுகிறது, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவன் பற்கள் லேசாக அடித்துக்கொண்டன. கதவு திறந்திருந்ததால் குளிர் என்றும், அழுகையை அடக்குகிறான் என்றும் நினைத்தேன்.

சைரன் ஒலி தேய்ந்தது. மிச்ச மருந்தையாவது கையில் எடுத்துவிடலாம் என்று கஸ் மேலே ஃபிரிட்ஜைத் திறந்தான். அதில் பாலும் பாதி ஆப்பிளும்தான் இருந்தன. நான் குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குப் போனேன். ‘மொத்தம் மூன்று ஊசிகள். ஒன்று எனக்கு. இரண்டு கீழே டெக்லன் ஃபிரிட்ஜில். எனக்கு இருபத்து நான்கு மணி நேரம் முடிந்தால்தான் தொட வேண்டும்.’

கீழே இறங்கினேன். அவன் ஃபிரிட்ஜ் நாற்காலியில் இருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. கீழ்த்தட்டில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஊசி இருந்தது. ஒன்றே ஒன்று.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். தெருக்கதவை கஸ் சாத்தியிருந்தான். ஹீட்டர் சீறிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. டெக்லன் கம்பளியைத் தாடைவரை இழுத்துக்கொண்டு நடுங்கினான்.

பக்கத்தில் போய் மண்டியிட்டுக் கம்பளியை விலக்கினேன். அவனும் தடுக்கவில்லை. சாம்பல் நிறக் கால்சட்டையின் தொடைப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு ரத்தப் புள்ளி, காய்ந்து கறுத்திருந்தது. கைகளைக் காட்டியவன் பொய் சொல்லவில்லை. அக்கா அவனுக்குப் போடவில்லை.

“எப்போ?”

“பதினொண்ணே முக்கால் இருக்கும்.” அவன் குரல் சின்னதாகியிருந்தது. “அவ பேசவே இல்ல. நானும் போட்டுக்கிட்டேன்னு சொன்னா கோவம் போயி இறங்கி வருவான்னு நெனச்சேன். சொன்னேன். மாடியப் பாத்துக் கத்திச் சொன்னேன். முதல்ல அவளக் கொண்டுபோகட்டும்னுதான் உங்ககிட்ட சொல்லல.”

கஸ் மறுபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். அதே முகவரி, ஆமாம், இன்னொரு ஆள் என்று சொன்னான்.

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவன் போட்டது தசையில், ரத்தக்குழாயில் இல்லை. தசை எதையும் மெல்லத்தான் விடும். நேரம் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் அதைச் சொல்லிக்கொண்டேன் என்று தெரிந்தது. மேலிருந்து வெப்பமானியையும் குறிப்பேட்டையும் கடிகாரத்தையும் எடுத்து வந்தேன். அவன் நாக்கின் கீழ் வெப்பமானியை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்தேன். பத்து வருடமாக நான் செய்யாத வேலை. விரல் மறக்கவில்லை.

முப்பத்தெட்டு புள்ளி மூன்று. நாடி நூற்றுப் பதினெட்டு.

குறிப்பேட்டைத் திறந்தேன். பச்சைப் பேனா அதன் நடுவிலேயே இருந்தது. எண் 2 என்ற பத்திக்குக் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை. இவன் காலையில் இதைத்தான் வேண்டாம் என்று சொல்லிச் சண்டை போட்டான். பேனாவை மூடிவிடப் போனேன். டாக்டரிடம் வாயால் சொன்னால் போதும்.

டெக்லன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுதுங்க,” என்றான். “திரும்பி வந்ததும் அவ முதல்ல அதத்தான் கேப்பா.”